ஓட்டைக்காரர் வார்த்த கை

அந்தத் தெருவில் யார் வீட்டுக் குளியலறை கசிந்தாலும், யார் வீட்டு ஜன்னல் சட்டத்தின் வழியாக மழை உள்ளே எட்டிப் பார்த்தாலும், ஓட்டைக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். கதவைத் திறக்கிற குழந்தை, "அம்மா, ஓட்டைக்காரர் வந்திருக்கார்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கும். அவர் முகம் சுளிக்காமல் பையைக் கீழே வைத்துவிட்டு சிலிகான் கன்னை எடுப்பார். துப்பாக்கி மாதிரி ஒரு சாமான் அது. சிலிகான் பசை அடைத்த குழலை அதில் மாட்டி விசையை அழுத்தினால், பின்னாலிருந்து ஒரு தண்டு தள்ளும். முன்னால் இருக்கிற மூக்கு வழியாகப் பசை புழு மாதிரி நெளிந்து வெளியே வரும். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக ஒரு கோடு போடுவார். சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் அதை ஒரு தடவு தடவிவிட்டு எழுந்தால், அப்புறம் அந்த மூலையில் ஒரு சொட்டு இறங்காது.

"ஊர் ஓட்டையெல்லாம் அடைக்கிறே, உன் பனியன்ல இருக்கிற ஓட்டையை எப்படா அடைக்கப்போறே?" என்று அவருடைய அக்கா கேலி செய்வாள். அவர் தனிக்கட்டை. துணி கிழிந்தால் தைத்துக் கொடுப்பதும் அந்த அக்காதான்.

அந்த அக்காவின் வயிற்றில் கட்டி இருக்கிறது, அது நாலு இடத்துக்குப் பரவிவிட்டது, இனிமேல் வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் நம்மால் முடிந்தது என்று மருத்துவர் சொன்னபோது, ஓட்டைக்காரர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அறையில் இருந்த கை கழுவும் தொட்டியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பசை காய்ந்து விட்டுப்போயிருந்தது. அதைச் சரி செய்து கொடுத்தால் இந்த மனுஷன் சொன்னதை மாற்றிச் சொல்வாரோ என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் அவருக்குள் ஓடியது.

அவருக்கு அக்கா என்றால் அக்கா மட்டும் அல்ல. அம்மா கண்ணை மூடியபோது அவர் தவழ்கிற குழந்தை. அப்பா தொழிற்சாலை வேலைக்குப் போய்விடுவார். பாவாடை கட்டிய சிறுமியாக இருந்த அக்காதான் அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு அடுப்பைப் பார்த்தாள். பள்ளிக்கூட வாசல் வரை அவரை இழுத்துக்கொண்டு போனதும், காய்ச்சலில் நெற்றியில் ஈரத்துணி போட்டதும், பொய் சொன்னால் முதுகில் சாத்தியதும் அவளுடைய வலது கைதான். ஒருநாள் தம்பிக்குப் பென்சில் சீவும்போது பிளேடு நழுவி ஆள்காட்டி விரலில் ஆழமாக இறங்கிவிட்டது. அந்தத் தழும்பு பிறை மாதிரி வளைந்து அப்படியே நின்றுபோயிற்று. பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் தம்பி அதைத் தொட்டுவிட்டுப் போவான்.

அந்த வீட்டுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. அப்பாவுக்கும் அக்காவுக்கும் தம்பிக்கும் முழங்கை நேராகத் தொங்காது. அங்கிருந்து கீழே வெளிப்பக்கமாக ஒடித்து வைத்த மாதிரி சாய்ந்திருக்கும்; உட்பக்க எலும்பு ஒரு கொட்டை போலத் துருத்திக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் 'கோணக்கை' என்று கூப்பிட்டார்கள் என்று அவர் அழுதுகொண்டு வந்தபோது, அக்கா தண்ணீர் வாளியைத் தூக்கி நடந்து காட்டினாள். "பாரு, முட்டியில இடிக்குதா? நமக்கு மட்டும் தண்ணி தூக்கறதுக்குன்னே அளவெடுத்து செஞ்சு அனுப்பியிருக்கான்டா" என்றாள்.

அப்படிப்பட்டவள் கல்யாணம் என்று வந்தபோது, ஒரு பெரிய அலுவலகத்தில் தொலைபேசி ஆபரேட்டராக இருந்தவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. தம்பி ஆத்திரப்பட்டான். கண் தெரியாதவனுக்குக் காலம் முழுக்க ஊழியம் செய்யப் போகிறாயா என்று கத்தினான். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கு ரெண்டு கண்ணு இருக்குல்ல? ரெண்டு பேருக்கும் தாராளமாப் போதும்" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

போதுமாகத்தான் இருந்தது. அத்தான் கலகலப்பான மனிதர். யாராவது இருமினால் போதும், இன்னார் வந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவார். குழந்தை இல்லை என்கிற குறையைக்கூட, "எங்க வீட்டில நானே ஒரு குழந்தை, இன்னொண்ணு எதுக்கு?" என்று சிரித்துக் கடந்துவிடுவார். தினமும் காலையில் அக்கா அரையடி முன்னாலும் அவர் அரையடி பின்னாலுமாகப் பேருந்து நிறுத்தம் வரை நடந்து போவார்கள். அவரைப் பேருந்தில் ஏற்றி, இறங்கி, அலுவலக வாசலில் விட்டுவிட்டு அவள் திரும்பி வருவாள். மாலையில் மறுபடியும் போவாள். மழையானாலும் வெயிலானாலும் இந்த நடை நிற்கவில்லை. ஓட்டைக்காரர் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். பார்த்துப் பார்த்தே, அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

மருத்துவர் கையை விரித்த பிறகு, பக்கத்து வீட்டு அம்மாள் நல்ல எண்ணத்தில் ஒன்று சொன்னாள். இருவருமாகச் சேர்ந்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்றாள். எடுத்தார்கள். சட்டம் போட்டு வந்த படத்தை அத்தான் மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை மெதுவாகத் தடவினார்.

"வழவழன்னு இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லா வந்திருக்காளா மாப்ள?" என்று கேட்டார்.

"நல்லா வந்திருக்காங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு ஓட்டைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். உலகத்தில் எல்லோருக்கும் மனைவி போன பிறகு ஒரு முகம் மிஞ்சுகிறது. இந்த மனிதருக்குக் கண்ணாடிதான் மிஞ்சப் போகிறது. தொட்டுப் பார்க்க ஏதாவது ஒன்றை விட்டுவிட்டுப் போனால்தானே அவள் போனாலும் இருப்பாள்?

கை. அக்காவின் வலது கை. அதை அப்படியே ரேகையோடும் நகத்தோடும் தழும்போடும், சதை மாதிரி மெத்தென்று சிலிகானில் வார்த்து அத்தான் மடியில் வைத்துவிட வேண்டும். அக்கா போவதற்கு முன்னால் செய்துவிட வேண்டும். இந்த எண்ணம் வந்த பிறகுதான் அவரால் ஒரு வாய் சோறு விழுங்க முடிந்தது.

தன் பையில் இருக்கிற பசையே போதும் என்றுதான் முதலில் நினைத்தார். அது போதவில்லை. குளியலறைப் பசை காற்றுப் பட்டால்தான் இறுகும். கனமாக அடைத்துவைத்தபோது மேலே தோல் கட்டியதே தவிர, உள்ளே பல நாள் கழித்தும் கொழகொழவென்று புளித்த வாடையோடு கிடந்தது. சிலை வேலைக்கான சாமான்கள் விற்கும் கடைக்குப் போய் விசாரித்தார். அங்கே இருந்த பெண் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தாள். இதையும் அதையும் சமமாகக் கலந்தால் காற்றே இல்லாவிட்டாலும் உள்ளும் புறமும் ஒன்றாக உறையும் என்றாள். ஆனால் கையை வார்ப்பது கஷ்டம், மேலிருந்து ஊற்றினால் விரல் நுனிகளில் காற்று மாட்டிக்கொள்ளும், நகம் இருக்க வேண்டிய இடத்தில் குமிழிதான் இருக்கும் என்றும் எச்சரித்தாள். மேலிருந்து ஊற்றாமல் அடியிலிருந்து அழுத்தி ஏற்ற வேண்டும். அதற்கென்று எந்திரங்கள் உண்டு. அவை தொழிற்சாலைகளில் இருப்பவை.

அழுத்தி ஏற்றுவதா? வாழ்க்கை முழுக்க அவர் செய்கிற வேலையே அதுதானே. அன்றைக்கே வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

பழைய சிலிகான் கன் ஒன்றில், பசைக் குழல் இருக்கிற இடத்தில் அதே பருமனுள்ள பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயைத் துண்டு வெட்டிப் பொருத்தினார். குழாயின் முன் வாயை மூடியால் அடைத்து, நடுவில் துளையிட்டு, உள்ளே ஓடுவது தெரிகிற மாதிரி கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய டியூபைச் சொருகினார். பின்னாலிருந்து தள்ளுகிற அடைப்புத்தான் பாடாய்ப் படுத்தியது. மரக்கட்டையை வட்டமாகச் சீவி வைத்தால், முன்னால் போக வேண்டியதெல்லாம் ஓரமாக நழுவிப் பின்னால் வழிந்து முழங்கை வரை அப்பிக்கொண்டது. இரும்புக்கடைக்காரர் அவர் கோலத்தைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, ஊர் ஓட்டையெல்லாம் அடைக்கிற ஆளுக்கு ஒரு குழாயை அடைக்கத் தெரியலையா?" என்று சிரித்தார். கடைசியில் தன் ரப்பர் செருப்பையே அறுத்து, இரண்டு வில்லைகளாக வெட்டி, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துக் குழாய்க்குள் முனகிக்கொண்டு போகிற அளவுக்குக் கொண்டுவந்தார். இரண்டு வில்லைகளுக்கும் நடுவில் கொஞ்சம் கிரீஸ் வைத்தார். விசையை அழுத்தினார். ஒரு துளி பின்னால் வரவில்லை. அந்த ஒற்றைச் செருப்போடு அவர் வாசலுக்கும் பின்கட்டுக்குமாக நடந்த நடையைப் பார்த்திருந்தால் அக்கா வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள்.

அடுத்து அக்காவிடம் போனார். ஒரு பல் மருத்துவர், பல் அச்சு எடுக்கிற மாவில் கொஞ்சம் கொடுத்திருந்தார். அதைத் தண்ணீரில் குழைத்து ஒரு சின்ன வாளியில் நிரப்பினார். அத்தான் முன்னறையில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் மூச்சுவிடக் கூடாது என்று தம்பி அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவள் கையை உள்ளே விட்டாள். மாவு இறுகும்வரை அசையக் கூடாது. கையை உருவியபோது வாளிக்குள் அவள் கை இருந்த இடம் ஒரு பள்ளமாக நின்றது. அதில் பிளாஸ்டர் ஊற்றி வெள்ளைக் கை ஒன்றை எடுத்தார். அந்த வெள்ளைக் கையை ஒரு அகலமான குழாய்க்குள் நிறுத்தி, சுற்றிலும் சிலிகானை அடியிலிருந்து ஏற்றினார். உறைந்ததும் பக்கவாட்டில் கீறித் திறந்து உள்ளே இருந்ததை எடுத்தார். எடுக்கும்போது பிளாஸ்டர் விரல்கள் முறிந்துபோயின. அவர் கவலைப்படவில்லை. கையின் அச்சுதான் கிடைத்துவிட்டதே! விரலை உள்ளே விட்டுத் தடவினால் பிறைத் தழும்பு தட்டுப்பட்டது.

இனி அந்த அச்சுக்குள் சிலிகானை ஏற்றினால் கை தயார். ஏற்றுவதற்கு முன்னால் அவர் அச்சை எடுத்தார், ஸ்பிரிட் தொட்ட துணியால் உள்பக்கம் முழுக்க ஒரு பிசுக்கு இல்லாமல் துடைத்தார். இருபது வருஷத்துப் பழக்கம். பிசுக்கு இருந்தால் பசை பிடிக்காது என்பதுதான் அவர் தொழிலின் அரிச்சுவடி. கடைக்காரப் பெண் சொல்லியனுப்பியது வேறு. அச்சுக்குள் வாஸ்லின் தடவ மறந்துவிடாதீர்கள், சிலிகான் எதிலிருந்தும் கழன்று வந்துவிடும், ஆனால் தன் இனத்தோடு சேர்ந்தால் பிரிக்க முடியாது என்று அவள் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். அவர் தலையாட்டியிருந்தார். தலை கேட்டுக்கொண்டது, கைக்குத் தெரியவில்லை.

மறுநாள் அச்சைப் பிரிக்கப் பார்த்தார். பிரியவில்லை. கீறிய இடம் எது என்றே தெரியவில்லை. கத்தியால் அறுத்தார். அறுத்த இடமெல்லாம் ஒரே சதையாக இருந்தது. கையும் அச்சும் ஒன்றோடொன்று கலந்து ஒரே உருளையாகிவிட்டிருந்தன. அக்காவின் கை அதற்குள்தான் எங்கேயோ இருந்தது. எவ்வளவு அறுத்தாலும் வெளியே வர மாட்டேன் என்றது. கத்தியைக் கீழே போட்டுவிட்டு அந்த உருளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாம் தடவை கேட்கப் போனபோது அக்கா மருத்துவமனைக்கு வந்துவிட்டிருந்தாள். வரிசையாகப் போட்ட கட்டில்களில் சுவரோரக் கட்டில். கன்னத்தில் பள்ளம் விழுந்திருந்தது. வலது கையின் புறங்கையில் ஊசி குத்தி டியூப் மாட்டியிருந்தார்கள். மோதிரத்தைக் கழற்றி அத்தானிடம் கொடுத்துவிட்டார்களாம், விரலில் நிற்கவில்லையாம். ஓட்டைக்காரர் கட்டிலோரம் நின்று அந்தக் கையையே பார்த்தார். முதலில் எடுத்த கை இன்னும் கொஞ்சம் சதைப்பிடிப்போடு இருந்த கை. அதை அவரே பாழாக்கிவிட்டார். அந்தக் கை இனி உலகத்தில் இல்லை.

அவர் சொல்லாமலே அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"சொதப்பிட்டியா?" என்றாள்.

அவர் குனிந்துகொண்டார்.

"சின்ன வயசுல பென்சிலைக்கூட நீ ஒழுங்கா வச்சுக்கிட்டது கிடையாது. காலையில சீவிக் கொடுத்தா சாயந்திரம் மொட்டையா வரும்." அவள் கையைக் கொஞ்சம் தூக்கினாள். "சரி, எடுத்துக்கோ. கைதானே. இங்க சும்மாத்தானே கெடக்கு."

நர்ஸ் நல்லவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மறுபேச்சுப் பேசாமல் ஊசியை இடது கைக்கு மாற்றிக் கொடுத்தாள். அவர் வாளியில் மாவைக் குழைத்தார். அக்கா கையை உள்ளே விட்டாள். அசையாமல் வைத்துக்கொள்ளத் தெம்பில்லை. அதனால் அவர் அவள் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் முழந்தாளிட்டிருந்தார். மாவு இறுகுவது அவர் விரல்களுக்கும் தெரிந்தது.

"இதை அத்தான் மடியில வச்சா அவர் பேசவே மாட்டார் பாரு" என்றார் அவர், அவளைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று.

"அவருக்கு என் விரலப் பத்தி என்னடா தெரியும்?" என்றாள் அக்கா. கண்ணை மூடிக்கொண்டே பேசினாள். "இந்தத் தழும்பு இருக்கறதுகூட அவருக்குத் தெரியாது. முப்பது வருஷத்துல ஒரு தடவை கேட்டதில்ல."

புருஷன்மார்களைப் பற்றி எல்லாப் பெண்களும் சொல்கிற குறை என்று அவர் எடுத்துக்கொண்டார். "இனிமே தெரிஞ்சுக்குவார்" என்றார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தம்பி முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சரிடா, நல்லபடியா செய்" என்று மட்டும் சொன்னாள்.

இந்தத் தடவை அவர் ஒன்றையும் மறக்கவில்லை. முன்போலவே பிளாஸ்டர் கை வழியாக எடுத்த புதிய சிலிகான் அச்சின் உள்ளே, ரேகை மூடிப்போகாத அளவுக்கு வாஸ்லினை மென்மையாகத் தடவினார். விரல்கள் மேல்நோக்கி இருக்கும்படி அச்சை நிறுத்தினார். ஒவ்வொரு விரல் நுனியிலும் துளையிட்டு, காற்றுப் போக ஒரு உறிஞ்சு குழலைச் சொருகினார். தோல் நிறம் கலந்த சிலிகானைக் குமிழி எழாமல் நிதானமாகக் கலக்கினார். கன்னை மணிக்கட்டுப் பக்கத்துத் துளையில் பொருத்தி, விசையை அழுத்தினார். அவசரப்பட்டால் காற்று சிக்கும். தாமதித்தால் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். செருப்பு ரப்பர் முனகிக்கொண்டே நகர்ந்தது. டியூபுக்குள் அந்த நிறம் ஊர்ந்து போவது தெரிந்தது. வெகு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கட்டைவிரல் குழலில் ஒரு துளி எட்டிப் பார்த்தது. அடுத்து ஆள்காட்டி விரல். நடுவிரலும் மோதிர விரலும் சேர்ந்தாற்போல் வந்தன. சுண்டுவிரல் மட்டும் வரவில்லை. "வா அக்கா, வா" என்று அவர் கெஞ்சினார். இன்னும் ஒரு அழுத்து. அதுவும் வந்தது.

இனி உறைகிறவரை அசைக்கக் கூடாது. அவர் அதன் எதிரிலேயே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். காவல் காத்தால் இந்தத் தடவை ஏமாற்றாது என்று ஒரு நம்பிக்கை. வெயில் பின்கட்டுச் சுவரில் ஏறி இறங்கியது. அப்போதுதான் கைப்பேசி அடித்தது. அத்தானின் குரல். எத்தனையோ பேருக்கு இணைப்புக் கொடுத்துப் பழகிய அந்தத் தெளிவான குரலில் ஒரு இழை அறுந்துபோயிருந்தது.

"மாப்ள, அவ மூச்சுச் சத்தம் கேக்கலடா. நர்ஸைக் கூப்பிட்டேன். நீ வந்து பார்த்துச் சொல்லு."

ஓடினார். செருப்புப் போடவில்லை, போட ஒற்றைச் செருப்புத்தான் இருந்தது. போய்ப் பார்த்துச் சொல்வதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அக்காவின் நிஜக் கை போர்வைக்கு வெளியே கிடந்தது. அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அதில் சூடு போய்விட்டிருந்தது. அவள் கடைசி மூச்சு விட்டபோது, அவர் அவளுடைய கையின் நகலுக்குக் காவல் இருந்தார். இந்த நிஜக் கையைப் பிடித்துக்கொள்ள அவர் இல்லை. அந்த நினைப்பு அவரை வாழ்நாள் முழுக்கக் குத்தும்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அச்சைப் பிரித்தார். வாஸ்லின் தன் வேலையைச் செய்திருந்தது. கை வழுக்கிக்கொண்டு முழுசாக வெளியே வந்தது. ஒரு குமிழி இல்லை. ரேகைகள், நகத்தின் ஓரத்தில் இருந்த சின்னப் பிசிறு, மெலிந்த புறங்கையில் எழுந்து நிற்கிற நரம்பு, ஊசி குத்திய புள்ளி, பிறைத் தழும்பு. எல்லாம் இருந்தன. அதை வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டுவைத்து, துடைத்து, அக்காவின் பழைய சேலைத் துண்டில் சுற்றிக்கொண்டு அத்தானிடம் போனார்.

அத்தான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வானொலி நின்றிருந்தது. ஓட்டைக்காரர் துணியைப் பிரித்து, வெதுவெதுப்பாக இருந்த கையை அவர் மடியில் வைத்தார். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அத்தனையும்.

அத்தான் இரண்டு கையாலும் அதைத் தொட்டார். விரல்களை ஒவ்வொன்றாக நீவினார். உள்ளங்கையைத் தடவினார். பிறை மேல் விரல் நின்றது. பிறகு அதையும் தாண்டிப் போயிற்று. முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. திருப்பிப் பிடித்து மறுபடியும் முதலிலிருந்து தடவினார். தெரியாத ஊரில் வழி தேடுகிற மாதிரி இருந்தது.

"இது அவ கைன்னு நீ சொன்னா நம்புறேன் மாப்ள" என்றார் கடைசியில். குரலில் மன்னிப்புக் கேட்கிற தொனி. "அழகா செஞ்சிருக்கே. ஆனா எனக்கு இது பழக்கமில்லடா. அவ விரல் எப்பவும் ஏதாவது வேலையில இருக்கும். எனக்கு டம்ளரை நீட்டும், சட்டைப் பித்தானைப் போடும், போயிடும். நான் புடிச்சுப் பார்த்ததே இல்ல."

செருப்பை அறுத்து, உருளையைக் கட்டிக்கொண்டு அழுது, ஊசி குத்திய கையை மறுபடியும் வாங்கி, கடைசி மூச்சுக்குக்கூட இல்லாமல் போய், இத்தனையும் செய்தது இந்த மனிதருக்குப் பழக்கமில்லாத ஒன்றுக்காகவா? ஓட்டைக்காரர் கையைத் துணியில் சுற்றினார். அதை எடுத்துக்கொண்டு போவதா விட்டுவிட்டுப் போவதா என்றுகூடத் தெரியாமல் நின்றார்.

"நீ வச்சுக்கோ" என்றார் அத்தான்.

சில நாட்கள் கழித்து அத்தான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. முதல் நாள் நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஓட்டைக்காரர் காலையில் வந்து நின்றார். வாசலில் இறங்கி, அத்தானின் உள்ளங்கையைப் பற்றிக்கொண்டு இழுத்து நடந்தார். அத்தான் இரண்டு தப்படியில் தடுமாறி நின்றுவிட்டார்.

"ஐயோ, இப்படி இழுத்தா நான் விழுந்துருவேன். நீ முன்னால போ. நான் புடிச்சுக்கறேன்."

அவர் காற்றில் துழாவி, ஓட்டைக்காரரின் வலது முழங்கையைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று மேலே பற்றிக்கொண்டார். பெருவிரல் வெளிப்பக்கமும் மற்ற விரல்கள் உள்பக்கமுமாக, தினமும் அணிகிற சட்டையைப் போட்டுக்கொள்கிற மாதிரி அந்தப் பிடி தானாகப் போய் உட்கார்ந்தது. அதிலிருந்த சுண்டுவிரல், துருத்திக்கொண்டு நிற்கிற அந்த எலும்புக் கொட்டையின் மேல் வந்து நின்றது.

அத்தான் நகரவில்லை. சுண்டுவிரல் அந்தக் கொட்டையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. வெளிப்பக்கமாகச் சாய்ந்து போகிற முன்கையின் கோணத்தைப் பிடி இன்னொரு தரம் அளந்து பார்த்தது. அவருடைய உதடு கோணியது. தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நடுத்தெருவில், மாப்பிள்ளையின் முழங்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதன் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, அக்கா போன நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஓட்டைக்காரர் கையை அசைக்கவே இல்லை. அச்சு உறைகிறவரை நிற்கிற மாதிரி நின்றார். அரையடி முன்னால் அக்கா, அரையடி பின்னால் அத்தான், நடுவே அவளுடைய முழங்கை. முப்பது வருஷம் கண் முன்னால் நடந்துபோன காட்சி. கண் இருந்த அவருக்கு அது இப்போதுதான் தெரிந்தது.

அழுகை அடங்கியதும் அத்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினார். "அவ எங்கிட்ட சொல்லிட்டாடா. ஆஸ்பத்திரியில வச்சே சொல்லிட்டா. 'தம்பி என் கையை அச்சு எடுக்கறான், உங்களுக்குன்னு நெனச்சுக்கிட்டு எடுக்கறான். அது அவனுக்குத்தான் வேணும், அவனுக்கே அது தெரியல. நீங்க வாங்கிப் பார்த்துட்டு அவன்கிட்டயே கொடுத்துடுங்க'ன்னா." "எனக்கு என்ன விட்டுட்டுப் போறேன்னு கேட்டேன். சிரிச்சா. பதில் சொல்லல."

அந்தக் கை ஓட்டைக்காரர் வீட்டில், பென்சிலும் பேனாவும் வைக்கிற அலமாரித் தட்டில் இருந்தது. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது பிறையைத் தொட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

"போலாமா அத்தான்? பஸ் போயிடும்."

"போலாம். கொஞ்சம் மெதுவாப் போ, அவ உன்னை மாதிரி ஓட மாட்டா."

நடந்தார்கள். தெருக்கோடியில் நடைபாதை ஒரு படி உயர்ந்தது. ஓட்டைக்காரர் பழக்கத்தில் அப்படியே ஏறிவிட்டார். அத்தானின் கால் விளிம்பில் இடித்தது.

"படி வந்தா முழங்கையை லேசாப் பின்னால இழுப்பா" என்றார் அத்தான். "வாயால சொல்ல மாட்டா."

அவர் தலையாட்டினார். பிறகு, தலையாட்டினால் அத்தானுக்குத் தெரியாது என்று ஞாபகம் வந்தது. சாலையைக் கடந்தார்கள். எதிர்ப்பக்கத்துப் படி வந்தபோது, அவர் முழங்கையை லேசாகப் பின்னால் இழுத்தார். அத்தான் காலைத் தூக்கி வைத்து ஏறினார்.